கறுப்புத் திரையில் நான்கு நிமிடம்

பெட்டி கனமாக இருந்தது. உள்ளே மூன்று டிஸ்க்குகள், வழுவழுப்பான தாளில் ஒரு புத்தகம், படத்தின் பழைய போஸ்டர்களைச் சுருக்கி அச்சடித்த ஆறு அட்டைகள். மேல்மூடியில் 'பவளத் துறைமுகம் - ஐம்பதாம் ஆண்டு முழுமைப் பதிப்பு' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. லூர்துமேரி 'முழுமை' என்ற சொல்லை விரலால் தடவினாள். எழுத்து கொஞ்சம் புடைப்பாக இருந்தது.

"பார்ப்போம்" என்றாள்.

அவளுக்கு எழுபது வயது. செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருடம் நர்ஸ் வேலை, அதில் கடைசி ஒன்பது வருடம் மேட்ரன். பெரிய பெரிய அதிகாரிகளை முதுகுப் பக்கம் திறந்த அங்கியில் பார்த்தவள் என்பதால் யார் மீதும் அவளுக்குப் பிரமிப்பு கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொன்மலையிலிருந்து மாற்றலாகி வந்து லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஹைதராபாத் கொண்டாப்பூரில் தம்பி மகன் பிரசாத்தின் ஃப்ளாட்டுக்கு வருவாள். அவனுடைய கம்ப்யூட்டர் வேலை, அவன் மனைவி ஹர்ஷிதாவின் சமையல், அபார்ட்மென்ட் லிஃப்டில் ஒலிக்கும் இசை எல்லாவற்றையும் பற்றி ஒவ்வொரு வாக்கியம் சொல்லிவிட்டு மாலையில் திரும்பிப் போவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரசாத் இரண்டாவது டிஸ்க்கைப் போட்டான். அத்தைக்கு அந்தக் கதாநாயகன் மேல் பழைய கிறுக்கு என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். வீடியோ கேசட் காலத்திலிருந்து இந்தப் படம் எந்த வடிவத்தில் வந்தாலும் அவள் வாங்கிவிடுவாள். வாங்கி, படத்தின் நடுப்பகுதியை மட்டும் ஓடவிட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அலமாரியில் வைத்துவிடுவாள். கேசட்டில் இடைவேளையே இல்லை. வி.சி.டி.யில் படத்தை மூன்று துண்டாக வெட்டியவர்கள், ஒரு பாட்டின் சரணத்துக்கு நடுவே டிஸ்க் மாற்றச் சொல்லியிருந்தார்கள். டி.வி.டி.யில் 'இடைவேளை' என்ற அட்டை ஒரு விநாடி மின்னி மறைந்தது.

இப்போது அட்டை நன்றாகத் தெரிந்தது. நீலக் கடலின் மேல் வெள்ளை எழுத்து. ஐந்து விநாடி நின்றது. உடனே கப்பல்கள், முரசொலி, இரண்டாம் பாதி.

லூர்துமேரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பின்னால் ஓட்டச் சொன்னாள். மறுபடியும் அதேதான். பெட்டியிலிருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். இருபத்திரண்டாம் பக்கத்தில் நின்று, படித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள்.

"என்ன அத்தை?" என்றான் பிரசாத்.

"சாப்பிடாத சாப்பாட்டுக்கு ருசி எழுதியிருக்கான்."

அதற்கு மேல் அவள் எதையும் விளக்கவில்லை. புத்தகத்தை எழுதியவர் பெயரை மட்டும் பிரசாத்திடம் காட்டினாள். நந்தகுமார், மறுசீரமைப்புப் பிரிவுத் தலைவர். படத்தை டிஸ்க்காக வெளியிட்ட நிறுவனம் கச்சிபௌலியில்தான் இருந்தது.

ஐம்பது வருடத்துக்கு முன்னால் நடந்த விஷயம் இது. 'பவளத் துறைமுகம்' படத்தைத் தயாரித்தவர் சென்னைத் திரையரங்குகளில் பெரிய பெரிய வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து மயங்கிப்போனவர். அங்கே மூன்றரை மணி நேரப் படங்களில் இடைவேளை முடிந்ததும் உடனே காட்சி தொடங்காது. விளக்கு மங்கும், திரை கறுப்பாகவே இருக்கும், இசை மட்டும் சில நிமிடம் ஒலிக்கும். வெளியே போனவர்கள் வந்து உட்காருவதற்கு அது ஒரு மரியாதை. தன் படத்திலும் அது வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அப்படித்தான் நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடிக்கு ஒரு வயலின் இசை எழுதப்பட்டது. ஃபிலிமில் அந்த நீளத்துக்குப் படம் எதுவும் இல்லை. ஓரத்தில் ஒலி மட்டும் இருந்தது.

லூர்துமேரி அப்போது சென்னையில் நர்ஸ் படிப்பில் இருந்தாள். வயது இருபது. வடபழனியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். லாலாகுடா கோவில் பாடற்குழுவில் வயலின் கற்றவள், எழுதிய நோட்ஸைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பாள். பக்கத்து வீட்டில் ஒரு சினிமா வாத்தியக்காரர் இருந்தார். ஆள் குறைகிற நாட்களில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்காரவைப்பார். மொத்தம் எட்டோ ஒன்பதோ தடவை போயிருப்பாள்.

அந்த நாலு நிமிட இசையில் மற்ற வாத்தியங்களுக்கு மேல் தனி வயலின் வாசிக்க வேண்டியவர் சிவஞானம். அந்தக் காலத்து சினிமா வயலினில் அவர் பெயர்தான் பெயர். அவருக்கு மஞ்சள் காமாலை. படம் வெளியாகும் தேதியோ முடிவாகிவிட்டது. தாளைப் பார்த்து உடனே வாசிக்க யாரால் முடியும் என்று இசைக்குழு நடத்துனர் கேட்டபோது முன்வரிசை ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் லூர்துமேரி கையைத் தூக்கினாள். ஒரே தடவைதான் வாசித்தாள். சரி என்றார்கள். பெயரைக் கூட யாரும் கேட்கவில்லை. படத்தின் டைட்டில் எழுத்துகளில் சிவஞானத்தின் பெயர் ஏற்கெனவே அச்சாகிவிட்டிருந்தது.

சென்னையில் படத்தை அவளால் பார்க்க முடியவில்லை, பரீட்சை இருந்தது. செகந்திராபாத்தில் வந்தபோது பார்த்தாள். இடைவேளை முடிந்தது, விளக்கு அணைந்தது, நேராகக் கப்பல்கள் வந்தன. முதல் வாரத்திலேயே ஜனங்கள் கறுப்புத் திரையைப் பார்த்து விசிலடித்து நாற்காலியை உதைத்திருக்கிறார்கள். ஆபரேட்டர்கள் அந்த நீளத்தை ஓட்டாமலே விட்டுவிட்டார்கள். அவள் வாசித்ததை அவளே அதற்குப் பிறகு கேட்டதில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. சொன்னால் நம்புகிற அளவுக்கு மூளையுள்ள ஆளை அவள் சந்திக்கவில்லை என்பது அவள் கட்சி.

பிரசாத் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினான். டிஸ்க்கில் குறை எதுவும் இல்லை, உங்கள் கருவியின் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அதை அவன் போனில் படித்துக் காட்டியதும் அவள், செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு ஒரு கேப் போடு என்றாள்.

கச்சிபௌலி வர ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஏழாவது மாடி. வரவேற்பில் அவள் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார்கள். சுவரில் வரிசையாகப் பழைய நடிகர்களின் படங்கள். எல்லாருடைய முகத்தையும் வழித்து மெழுகியிருந்தார்கள். அம்மைத் தழும்புக்குப் பேர்போன ஒரு வில்லன் நடிகரின் கன்னம் குழந்தைக் கன்னமாக இருந்தது. இதற்குப் பெயர் மறுசீரமைப்பு என்று அவள் மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

நந்தகுமார் ஒரு காபிக் கோப்பையோடு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சீராக வெட்டிய தாடி, மார்பில் மூவி கேமரா படம் போட்ட பனியன். அவர் தாத்தா காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம், தமிழில் பாதி ஆங்கிலமும் ஓரத்தில் ஹைதராபாத் இந்தியும் இருந்தன. வயதானவர்களிடம் பேசுவதற்கென்று அவர் ஒரு குரல் வைத்திருந்தார்.

"சொல்லுங்க ஆன்ட்டி. டிஸ்க் ஓடலையா?"

"ஓடுது. நடுவுல நாலு நிமிஷம் காணோம்."

அவர் புன்னகை செய்தார். அந்தக் காலத்துப் பெரிய படங்களின் அமைப்பு இப்போதைய ஜனங்களுக்குப் புரியாது என்று ஆரம்பித்து, படத்துக்கு முன்னால் வரும் இசை, இடைவேளை அட்டை, இடைவேளைக்குப் பின் வரும் இசை ஆகியவற்றின் சரித்திரத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார். வெளிநாடுகளில் நல்ல நிறுவனங்கள் இவற்றையெல்லாம் எவ்வளவு பயபக்தியோடு டிஸ்க்கில் காப்பாற்றுகின்றன என்றும், நம் ஊர் வியாபாரிகள் எவ்வளவு காட்டுமிராண்டித்தனமாக வெட்டித் தள்ளினார்கள் என்றும் சொன்னார். தன்னைத் தவிர இந்தியாவில் இதைப் பற்றிக் கவலைப்படுகிறவர் இன்னும் இரண்டு பேர் இருக்கலாம் என்றார். லூர்துமேரி முழுவதையும் கேட்டாள். வார்டில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் மருத்துவம் சொல்லிக் கேட்டுப் பழகியவள்.

அவர் முடித்ததும், "இதெல்லாம் உங்க புஸ்தகத்துல படிச்சேன். இருபத்திரண்டாம் பக்கம். அந்த மியூசிக் டிஸ்க்ல எங்க இருக்கு?" என்றாள்.

"இருக்கு ஆன்ட்டி. நீங்க தெரியாம ரிமோட்ல தள்ளிவிட்டிருப்பீங்க."

"போட்டுக் காட்டுங்க."

பக்கத்து அறையில் சுவரளவு டி.வி. இருந்தது. அவரே டிஸ்க்கைப் போட்டார். அட்டை வந்தது, ஐந்து விநாடி நின்றது, கப்பல்கள் வந்தன. அவர் பின்னால் ஓட்டினார். கப்பல்கள் வந்தன. டிஸ்க்கை வெளியே எடுத்து, பனியனில் துடைத்து மறுபடி போட்டார். மூன்றாவது முறையும் கப்பல்கள் வந்தபோது காபியைக் கீழே வைத்துவிட்டு யாரையோ போனில் கூப்பிட்டார்.

ஸ்ரீலேகா என்ற பெண் மடிக்கணினியோடு வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கியது. படத்தின் ஒவ்வொரு பழுதையும் கண்டுபிடித்துப் பட்டியல் போடுவது அவள் வேலை. தமிழ்க் குடும்பத்துப் பெண்தான், ஆனால் வாயைத் திறந்தால் தெலுங்கு வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவள் பட்டியலைத் திறந்து காட்டினாள். நூற்றுப் பதினெட்டாம் வரி: இத்தனாவது நிமிடத்திலிருந்து நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடிக்குப் படம் இல்லை, ஒலி மட்டும் இருக்கிறது, நீக்கலாமா வேண்டாமா? எதிரே பதில்: நீக்கவும். பதிலுக்குக் கீழே நந்தகுமாரின் பெயர். பட்டியலின் இருநூற்றுச் சொச்சம் வரிகளுக்கும் ஒரே நிமிடத்தில் அதே பதில், அதே பெயர்.

நந்தகுமாரின் காது சிவந்தது. இவ்வளவு முக்கியமான இடத்தைத் தனியாக வந்து சொல்லியிருக்க வேண்டாமா, படத்தின் அருமை தெரியாதவர்களை வேலைக்கு வைத்தால் இதுதான் நடக்கும் என்று ஆங்கிலத்தில் பொரிந்தார். ஸ்ரீலேகா மடிக்கணினியைப் பார்த்தபடி நின்றாள். இது அவளுக்குப் புதிதில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"நிறுத்துங்க" என்றாள் லூர்துமேரி. வார்டில் பேசிய அதே குரல். "ஆஸ்பத்திரியில மருந்து மாறிப்போச்சுன்னா முதல்ல சார்ட்டைத்தான் எடுப்போம். யாரு கேட்டது, யாரு கையெழுத்துப் போட்டது. இந்தப் பொண்ணு கேள்வி கேட்டிருக்கு. பதில் எழுதினது நீங்க."

நந்தகுமார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குரல் தணிந்தது.

"நக்கோ ஆன்ட்டி, வேண்டாம், இதைப் பெரிசு பண்ணாதீங்க. கறுப்பு ஸ்கிரீனை நாலு நிமிஷம் யாரு பார்க்கப் போறா?"

"நீங்க பார்க்கலைங்கிறது தெரிஞ்சுபோச்சு."

"உங்களுக்குக் கைக்கு இவ்வளவு கவலை?" 'ஏன்' வர வேண்டிய இடத்தில் ஹைதராபாத் இந்தி வந்து விழுந்தது.

"அதை வாசிச்சது நான்."

அவர் புன்னகை செய்தார். லூர்துமேரிக்கு அந்தப் புன்னகையைத் தெரியும். நான்தான் ரயில்வே மந்திரி என்று சொல்கிற வயதான நோயாளிகளிடம் அவளே அதைப் பல தடவை செய்திருக்கிறாள். தன் முகத்துக்கு நேரே அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சிவஞானத்தின் வில்லைத் தூக்கத்தில் கேட்டாலும் தனக்குத் தெரியும் என்றார் நந்தகுமார். அந்த நாலு நிமிடத்தை நூறு தடவை கேட்டிருப்பதாகச் சொன்னார். லூர்துமேரி மஞ்சள் காமாலையைப் பற்றிச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாரே தவிர, நம்புகிற முகம் இல்லை. அவள் கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

"சிவஞானம் தாள் வச்சு வாசிக்க மாட்டார், ஒரு தடவை கேட்டா மனசுல ஏத்திக்குவார்னு நீங்களே எழுதியிருக்கீங்க. உண்மைதான், அவருக்கு நோட்ஸ் படிக்கவே தெரியாது. நான் வாசிச்சது ரெண்டு தாள். நடுவுல தாளைத் திருப்பிவிட ஆள் இல்ல, நானே திருப்பினேன். மைக் பக்கத்துல இருந்துச்சு. சத்தம் கேக்கும்."

அப்படி ஒரு சத்தம் அதில் கிடையவே கிடையாது என்று அவர் அடித்துச் சொன்னார். அப்போது ஸ்ரீலேகா தெலுங்கில் மெதுவாக ஏதோ சொன்னாள். சார் கேட்டதெல்லாம் சுத்தம் செய்த பதிவு. சுத்தம் செய்யாததில் இரண்டாவது நிமிடம் தாண்டியதும் ஒரு காகிதச் சத்தம் இருந்தது. அதைத் துடைத்தது நான்தான் என்றாள்.

ஒலி அறைக்குப் போனார்கள். சுவர் முழுவதும் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. ஸ்ரீலேகா லூர்துமேரிக்கு நடு நாற்காலியைக் காட்டினாள். சுத்தம் செய்யாத பதிவை ஓடவிட்டாள்.

முதலில் ஃபிலிமின் இரைச்சல். அதற்குள்ளிருந்து வயலின் எழுந்தது. லூர்துமேரி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் பகுதி அவள் நினைவில் இருந்தபடியே இருந்தது, கொஞ்சம் வேகம் அதிகம், அவ்வளவுதான். இரண்டு நிமிடம் போனது. ஒரு சின்ன நிறுத்தத்தில் தெளிவாக, சரக்கென்று ஒரு தாள் புரண்டது.

நந்தகுமார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தாள் புரண்டவுடன் வயலின் மேலே ஒரு உச்ச சுரத்துக்குத் தாவ வேண்டும். தாவியது. ஆனால் இடம் தப்பி, கீழே விழுந்து, அங்கிருந்து வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. லூர்துமேரியின் இடது கை மூன்றாம் விரல் மடியிலேயே துடித்தது. அவள் கண்ணை மூடவில்லை. இசை முடியும் வரை எதிர்ச் சுவரின் பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நந்தகுமாருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்த உச்ச சுரத்துக்கு ஏறும் குழைவைப் பற்றித்தான் புத்தகத்தில் அவர் ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தார். மனிதக் குரலின் விம்மல், சாதனையாளன் மட்டுமே துணியக்கூடிய சரிவு, இப்படியெல்லாம்.

"அந்தக் குழைவு, ஆன்ட்டி. அது எப்படி வந்தது? அந்த வயசுல எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

"தோணலை. அது தப்பு. தாளைத் திருப்பிட்டு வந்த அவசரத்துல விரல் வழுக்கிடுச்சு."

அவர் இல்லை, இல்லை என்று தலையாட்டினார். கலைஞர்களுக்குத் தாங்கள் செய்வது என்னவென்று தெரியாது என்றார். பத்து நிமிடத்துக்கு முன்னால் வாசித்ததே அவள்தான் என்பதை நம்பாதவர், இப்போது அவள் வாசிப்பின் அர்த்தத்தை அவளுக்கே விளக்கினார். பேசப் பேச அவர் கண்ணில் இன்னொன்றும் ஓடியதை அவள் பார்த்தாள். மறக்கப்பட்ட பெண் கலைஞர், ஐம்பது ஆண்டு ரகசியம், புதிய பெட்டி, புதிய அட்டை. வாய்விட்டே சொன்னார், ஒரு பேட்டி எடுத்துவிடலாம் என்று.

பேட்டி கிடையாது என்றாள் லூர்துமேரி. அந்த இசையைத் தாள் சத்தத்தோடு அப்படியே சேர்க்க வேண்டும். அவள் பெயர் வர வேண்டும். அந்த இடம் விரல் தப்பியது என்று புத்தகத்தில் எழுத வேண்டும். இந்தப் பெண்ணின் தலையில் எதையும் கட்டக் கூடாது. கட்டினால், கையெழுத்து யாருடையது என்று நிறுவன முதலாளிக்கு அவளே கடிதம் எழுதுவாள்.

எல்லாவற்றுக்கும் ஹவ், ஹவ், ஆமாம் என்று தலையாட்டிய நந்தகுமார், தப்பு என்று எழுதுவதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு இடத்துக்காகவே இனி டிஸ்க் வாங்கப்போகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

"எழுதாட்டிப் போங்க. காது இருக்கறவனுக்குக் கேக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

லிஃப்ட் வரை ஸ்ரீலேகா கூட வந்தாள். ஏதோ கேட்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கடைசியில் தட்டுத் தடுமாறித் தமிழிலேயே கேட்டாள்.

"மேடம், அந்த மிஸ்டேக் வந்தாக்கூட நீங்க நிறுத்தலை. ஏன்?"

"நிறுத்தினா அத்தனை பேரும் திரும்ப முதல்லேர்ந்து வாசிக்கணும். என் ஒருத்திக்காக யாரு அதைத் தாங்குவா?"

திரும்பி வரும்போது கேப்பில் ஏ.சி. அதிகமாக இருந்தது. அதைக் குறைக்கச் சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. நந்தகுமாரை மட்டமாக நினைப்பதற்கு வேண்டிய எல்லாம் அவளிடம் இருந்தது. ஆனால் மனம் அதில் நிற்கவில்லை. ஐம்பது வருடமாக அவள் உள்ளே வைத்திருந்த இசையில் அந்தத் தப்பு கிடையாது. அதில் விரல் நேராகப் போய் உச்ச சுரத்தில் உட்கார்ந்திருந்தது. எப்போது அதை அவள் திருத்திக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தத் திருத்திய இசையை வைத்துத்தான் அவள் மற்றவர்களை அளந்தாள். லாலாகுடா கோவில் பாடற்குழுவில் பதினைந்து வருடம் அவள் வாசித்தாள். ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில், பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி வயலினில் இதே மாதிரி ஓரிடத்தில் வழுக்கியதற்காக, உனக்கு இருப்பது காதா, கதவிடுக்கா என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள். அந்த டீச்சர் அதற்குப் பிறகு வயலினைத் தொடவில்லை. பங்குத்தந்தை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது, காது கேட்காதவர்கள் கூட்டத்தில் எனக்கென்ன வேலை என்று சொல்லிவிட்டுப் பாடற்குழுவை விட்டு வந்துவிட்டாள். அதை இத்தனை வருடமும் தன் நேர்மைக்கு ஒரு சான்றாகத்தான் நினைத்திருந்தாள். அந்த டீச்சர் இறந்து ஆறு வருடம் ஆகிறது.

கேப் மேம்பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, "சரியான கழுதை" என்றாள். டிரைவர் திரும்பிப் பார்த்தான். உன்னைச் சொல்லவில்லை, முன்னால் பார்த்து ஓட்டு என்றாள்.

இரண்டு மாதம் கழித்து மாற்று டிஸ்க் வந்தது. சின்ன உறையில், கூட ஒரு மடித்த தாள். அதில் இசை பற்றிய புதிய குறிப்பு இருந்தது. பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பின் நந்தகுமார் கண்டறிந்த உண்மை என்று அது தொடங்கியது. அவள் பெயர் லூர்துமாரி என்று அச்சாகியிருந்தது. குழைவைப் பற்றிய பத்தி அப்படியே இருந்தது. சாதனையாளன் என்ற இடத்தில் சாதனையாளர் என்று மட்டும் மாற்றியிருந்தார்கள்.

இணையத்தில் ரசிகர்கள் எழுதியதைப் பிரசாத் படித்துக் காட்டினான். ஒரு கூட்டம் இது மோசடி என்றது, சிவஞானத்தின் புகழைத் திருடப் பார்க்கிறார்கள் என்றது. இன்னொரு கூட்டம் அந்தக் குழைவை இப்போது இன்னும் அதிகமாகப் புகழ்ந்தது. ஒரு பெண்ணின் விரலிலிருந்து மட்டுமே அப்படிப்பட்ட அழுகை வர முடியும் என்று எப்போதும் தோன்றியதாக ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். போன மாதம் வரை அதே ஆள், டிஸ்க்கில் இல்லாத அதைப் புத்தகத்தில் படித்தே ஆண்மையின் கம்பீரம் என்று எழுதியிருந்ததைப் பிரசாத் தேடிக் காட்டினான். லூர்துமேரி நெடுநாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். ஸ்ரீலேகா வேலையில்தான் இருந்தாள். அவளிடமிருந்து போனில் ஒரு வரி வந்திருந்தது. பெயர் எழுத்துப் பிழையைப் பட்டியலில் சேர்த்திருக்கிறாளாம், பதில் இன்னும் வரவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரசாத் அந்த டிஸ்க்கைப் போட்டான். இப்போது அவனுக்கு விஷயம் தெரியும். ஹர்ஷிதாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தான். முதல் பாதியின் கடைசிச் சண்டையிலிருந்து பார்த்தார்கள். இடைவேளை அட்டை வந்தது. ஐந்து விநாடிக்குப் பிறகு திரை கறுத்தது.

அறையில் வெளிச்சம் இருந்ததால் டி.வி.யில் அவர்கள் மூன்று பேரும் தெரிந்தார்கள். இசை ஆரம்பித்தது. ஹர்ஷிதா ஒரு நிமிடம் கவனமாகக் கேட்டாள். பிறகு டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு எழுந்து போனாள். பிரசாத்தின் கை தானாகப் போனை எடுத்தது. லூர்துமேரி இருவரையும் பார்த்தாள். இடைவேளையில் ஜனங்கள் செய்கிறதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

தாள் புரண்டது. விரல் வழுக்கியது. ஒலி அறையில் கேட்டபோது அந்த இடத்துக்குப் பிறகு அவள் காதில் எதுவுமே விழவில்லை. இப்போது விழுந்தது. தப்பிய சுரத்துக்கு அடுத்து வருவது இன்னும் கடினமான இடம். நாலு சுரங்கள், வேகமாக, ஒன்றுக்கு மேல் ஒன்று. அந்த இருபது வயதுப் பெண் தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்த மறுகணமே அந்த நாலையும் ஊசி குத்தின மாதிரி குத்தியிருந்தாள். வில் நடுங்கவில்லை. முன்வரிசையில் தரையைப் பார்த்த ஆட்களுக்கு நடுவே நின்று, யாரும் கேட்கப் போகாத ஒன்றைக் கடைசிவரை வாசித்திருந்தாள். குழைவைப் பற்றி எழுதிய ஒரு பயலும் அந்த நாலு சுரத்தைப் பற்றி எழுதவில்லை.

"அத்தை, டி.வி. ஆஃப் ஆயிடுச்சா?" என்றான் பிரசாத், போனிலிருந்து தலையைத் தூக்கி.

"ஓடிக்கிட்டுதான் இருக்கு. பேசாம கேளு."

அவன் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது. கடைசி சுரம் மெலிந்து ஃபிலிமின் இரைச்சலில் கரைந்ததும் முரசு கொட்டியது, கடலில் கப்பல்கள் வந்தன. ஹர்ஷிதா டீயோடு வந்து, முடிந்துவிட்டதா என்று கேட்டாள். லூர்துமேரி கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"சர்க்கரை போடலை" என்று சொல்லிவிட்டு மீதியையும் குடித்தாள்.